கரையோரப் பங்குகளும் உதைபந்தாட்டமும்

யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளத்தில் நின்று கிழக்கே நோக்குவோருக்குக் கடல்நீரேரியின் ஓரமாக நெருங்கி அமைந்த வீட்டுக் கூரைகளும், அவற்றுக்கு மேலாக எழுந்து நிற்கும் தேவாலயமும் தோன்றும். முன்னாளிற் கரையூர் என வழங்கிப் பின்னாளிற் குருநகர் எனப் பெயர் கொண்ட பகுதி அது. அதற்கு அப்பாற் பாசையூர். கோட்டையின் மறுபுறத்தே, மேற்குக் கரையில், நாவாந்துறை. மூன்றும் நகரத்தின் எல்லைக்குள் அடங்கியவை. எனினும் நகரத்தின் செல்வம் அவற்றுள் அதிகம் புகுந்ததில்லை. கல்வீடுகளும் கந்தோர்களும் கல்லூரிகளும் நிரம்பிய பெரிய வீதிக்கும், வலை உலர்த்தும் இக்கரைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு சிறுவன் சில நிமிடங்களில் ஓடிக் கடப்பான். ஆயினும் அத்தூரம் நெடுங்காலம் மிகப் பெரிய தூரமாகவே இருந்தது.

யாழ்ப்பாண மாவட்டத்தின் உதைபந்தாட்டச் செய்திகளை வாசிப்போர் இக்கரைகளின் பெயர்களை நன்கு அறிவர். நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன் என அடிக்கடி அச்சேறும் கழகங்கள் இவை. இரண்டு கழகங்கள் புனிதரின் பெயரைத் தாங்கி நிற்க, மூன்றாவது ஒரு மீனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாடும்மீன் என்றதும் மட்டக்களப்பு வாவியே நினைவுக்கு வரும். எனினும் கடலை நம்பி வாழும் ஓர் ஊர் தன் பிள்ளைகளின் கழகத்துக்கு மீனின் பெயரைச் சூட்டியதில் வியப்பில்லை. வறிய கடற்றொழிலாளரின் பிள்ளைகள் புனிதரின் பெயரால் பந்து விளையாட வந்த வரலாறு, வேதம் பரப்ப வந்தோரின் எண்ணமும் கரையோர மக்களின் வாழ்க்கையும் சந்தித்த வரலாறாகும்.

கரைக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு பந்தினும் மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டிற் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் போதித்த காலத்தில் எழுந்த அலை மன்னாரையும் யாழ்ப்பாணக் கரையையும் தொட்டது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின், 1687இல், கோவாவிலிருந்து வந்த யோசேவ்வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்று மறைவாக வாழ்ந்த விசுவாசிகளைத் தேடிக் கண்டார். அத்தகைய காலத்தைக் கடந்து வந்த மக்களுக்குக் கோயில் ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடம் என்ற அளவில் நிற்பதில்லை. பிறப்பும் இறப்பும் வழக்கும் சமாதானமும் அங்கேயே முடிவாகும். பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் இலங்கையின் கத்தோலிக்கக் கரைகளில் நெடுங்காலம் நிலவியது. ஊரின் பெயரே பங்கின் பெயராயிற்று. பங்கின் காவலராகிய புனிதரே ஊரின் காவலருமானார். குருநகருக்குப் புனித யாகப்பர், பாசையூருக்குப் புனித அந்தோனியார், நாவாந்துறைக்குப் புனித மரியாள்.

கடற்றொழிலாளனின் நாள் கந்தோர் ஊழியனின் நாளைப் போன்றதன்று. காற்றும் நீரோட்டமும் நிலவும் அவனுடைய நேரத்தை வகுக்கின்றன. சோளகம் பெயரும் காலம் ஒன்று, வாடை வீசும் காலம் மற்றொன்று. இரவிற் சென்று விடியலிற் கரைசேர்வோரும் உளர். ஆழமற்ற கடலில் சிறகுவலை கட்டி விடியுமுன் அதனைப் பார்க்கச் செல்வோரும் உளர். பிள்ளைகளும் வலை இழுக்கவும் மீன் தெரியவும் இளமையிலேயே பழகுவர். இவ்வாழ்க்கையில் ஓய்வு என்பது தற்செயலாக வருவது. ஆனால் ஒன்று மட்டும் ஒழுங்காக வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லலாகாது என்ற திருச்சபையின் கட்டளையைக் கத்தோலிக்கக் கரைகள் பெரிதும் கைக்கொண்டன. காலைப் பூசை முடிந்த பின் மாலை வரை உடல் வலிமை மிக்க இளைஞர் நூற்றுக்கணக்கானோர் வேலையின்றிக் கரையில் இருந்தனர். அந்த ஓய்வு மாலையை நிரப்பத் தவறணையும் இருந்தது, சூதாட்டமும் இருந்தது. கரையோரப் பங்குகளில் பணியாற்றிய குருமாருக்கு இது கண்ணெதிரே நின்ற கவலை.

யாழ்ப்பாண மக்கள் மிசனரிமாரிடம் விளையாடக் கற்றனர் என்று கூறுதல் பேதைமை. கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் எல்லா ஊர்களிலும் ஆடப்பட்டன. வருடப்பிறப்புக் காலத்துப் போர்த்தேங்காயும் வண்டிச்சவாரியும் பெருங்கூட்டத்தைக் கூட்டின. கடலோர மக்களுக்குத் தோணிப் போட்டியும் நீச்சலும் தொழிலோடு கூடிய விளையாட்டுக்கள். மேனாட்டார் கொண்டுவந்தவை வேறு: மணிக்கூட்டுக் கணக்கும், எழுதிய விதியும், கோடு கீறிய மைதானமும், நடுவரும், பெயர்ப்பட்டியல் வைத்த கழகமும் ஆகியவையே அவை. கிளித்தட்டு ஆடுவோர் விளையாட்டு முடிந்ததும் கலைந்து விடுவர். கழகமோ கலையாது, அடுத்த கிழமையும் கூடும். வேதம் போதிக்க வந்தோர் விளையாட்டை விரும்பியதற்கு இந்தக் கலையாமையே பெருங் காரணம்.

இங்கிலாந்தின் பெரும் பாடசாலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு கொள்கை வேரூன்றியது. நல்ல கிறித்தவனுக்கு நல்ல உடலும் வேண்டும், ஆடுகளத்திற் பழகிய பொறுமையும் நேர்மையும் வாழ்க்கைக்கு உதவும் என்பதே அது. 1857இல் தோமஸ் ஹியூஸ் எழுதிய ரக்பி பாடசாலைக் கதை இக்கொள்கையை உலகெங்கும் பரப்பியது. அதனைப் படித்து வளர்ந்த இளைஞர் பின்னர் மிசனரிமாராகக் கப்பலேறினர். 1891இல் டின்டேல் பிஸ்கோ என்பவர் காஷ்மீரத்திற் சிறிநகரிலுள்ள தம் பாடசாலைக்கு ஓர் உதைபந்தைக் கொண்டுசென்றபோது, அங்குள்ள பிராமண மாணவர் தோலைத் தொட மறுத்து நின்றனர். அவர் வற்புறுத்தியே ஆடச் செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கடல்மீனைக் கையால் எடுத்துக் கத்தியால் வகிரும் கரையோரச் சிறுவனுக்கு அத்தகைய தடை எதுவும் இருந்திராது. அவனுக்கிருந்த தடை வேறு; அவனிடம் பந்தைக் கொண்டு செல்வார் இல்லை என்பதே அது.

யாழ்ப்பாணத்தில் பந்து முதலிற் சென்ற இடம் ஆங்கிலக் கல்லூரியின் வேலிக்குள்ளே. வெஸ்லியன் மிசன் 1816இல் தொடங்கிய பாடசாலையின் வழிவந்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. சேர்ச் மிசன் சங்கத்தார் 1823இல் நல்லூரில் ஆரம்பித்த பாடசாலையின் வழிவந்தது சுண்டிக்குளி பரியோவான் கல்லூரி. இவ்விரண்டும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டி ‘வடக்கின் பெரும் போர்’ எனப் பெயர் பெற்றது. கத்தோலிக்கருக்கு 1850இல் எழுந்த ஆங்கிலப் பாடசாலை 1881இற் சம்பத்திரிசியார் கல்லூரி என்னும் பெயரை ஏற்றது. இக்கல்லூரிகளின் மைதானங்கள் யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பை உருவாக்கிய பட்டறைகள் எனலாம். எழுதுவினைஞர், வழக்கறிஞர், வைத்தியர், மலாயாவுக்குச் சென்ற புகையிரதப் பகுதி உத்தியோகத்தர் எனப் பலர் அங்கே மட்டையும் பந்தும் பிடித்தவர்களே.

இளைஞரைக் கூட்டுவதற்கென்றே எழுந்த அமைப்பொன்றும் யாழ்ப்பாண வரலாற்றில் ஒரு சிறப்பிடம் பெறுகிறது. 1844இல் லண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர் தொடங்கிய வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் மாணவர் கிளை, வட அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தோன்றிய இடங்களுள் முன்னிற்பது வட்டுக்கோட்டை. 1884இல் யாழ்ப்பாணக் கல்லூரியில் அதனைத் தொடங்கியவர் பிராங் சாண்டர்ஸ் என்னும் இளம் அமெரிக்க ஆசிரியர். அவர் 1882 முதல் 1886 வரை அங்கே கற்பித்தவர், பின்னாளில் யேல் சர்வகலாசாலையிற் பேராசிரியரானவர். வாலிபர் சங்கத்தார் விளையாட்டை ஆடியதோடு நில்லாமல் புது விளையாட்டுக்களையே ஆக்கினர். 1891இல் கூடைப்பந்தும் 1895இல் கரப்பந்தும் அமெரிக்காவில் அச்சங்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியரால் ஆக்கப்பட்டவை. கரப்பந்தை இலங்கைக்கு 1916இற் கொண்டு வந்தவர் கொழும்புச் சங்கத்தின் வோல்ட்டர் கமக். ஹரி குரோ பக் 1920இற் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரிக்கு இலங்கையிலிருந்தும் ஆசிரியர் பலர் சென்று பயின்று திரும்பினர்.

இதிலே ஒரு சுவையான திருப்பம் உண்டு. கிறித்தவ இளைஞருக்காக ஆக்கப்பட்ட கரப்பந்து யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றிய ஊர்களுள் ஒன்று ஆவரங்கால். அங்கே அதனைப் போற்றி வளர்த்த கழகங்களுள் ஒன்றின் பெயர் இந்து இளைஞர் விளையாட்டுக் கழகம். பந்துக்குச் சமயமில்லை, எறிந்தவர் எண்ணிய இடத்திலேயே அது விழும் என்பதுமில்லை. 1897 சனவரியில் யாழ்ப்பாணம் வந்து வேதாந்தம் பேசிய விவேகானந்த அடிகள், அடுத்த மாதம் சென்னையில் இளைஞரை நோக்கி, கீதை படிப்பதிலும் உதைபந்தாடுதல் அவர்களைச் சுவர்க்கத்துக்கு அணித்தாக்கும் என்னும் கருத்துப்பட உரைத்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

வட்டுக்கோட்டையின் சங்கமும் கல்லூரி மாணவரின் சங்கமே. கரையோரப் பங்குகளின் கதையோ வேறொரு திசையிலிருந்து வருகிறது. அக்கரைகளைக் கவனிக்கும் பொறுப்பு 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபையைச் சார்ந்தது. இச்சபையைத் தோற்றுவித்த யூஜின் டி மசனெட் பிரான்சு தேசத்தில் பிரபுக்கள் குடும்பத்திற் பிறந்தவர். 1813இல் எக்ஸ் நகரத்து வேலைக்காரருக்கும் கூலிகளுக்கும் அவர்கள் பேசிய புரோவன்சு மொழியிலேயே பிரசங்கம் செய்து மேன்மக்களைத் திகைக்கச் செய்தார். அதே ஆண்டில் அந்நகரத்து இளைஞரைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். நெப்போலியனின் ஆட்சி சமயச் சங்கங்களை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. அச்சங்கத்தின் கூட்டங்களில் மன்றாட்டுக்கும் போதனைக்கும் இருந்த இடம் விளையாட்டுக்கும் இருந்தது.  சபை 1816இற் பிறந்தது. ஆகவே சபைக்கு மூன்றாண்டு மூத்தது அச்சபையினரின் விளையாட்டு மைதானம். ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பதையே விருதாகக் கொண்ட இவர்கள் குருநகருக்கும் பாசையூருக்கும் வந்தபோது, இளைஞரையும் பந்தையும் ஒருங்கே காணும் பழக்கம் அவர்கள் மரபிலேயே இருந்தது.

எனினும் கல்லூரியின் மைதானத்துக்கும் கரைக்கும் இடையிலிருந்த வேலி எளிதில் விழவில்லை. ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் வேண்டும். கரையோரச் சிறுவர் பெரும்பாலோர் பங்குக் கோயிலை அடுத்திருந்த தமிழ்ப் பாடசாலையில் எழுத்தறிந்து, உடல் தேறியதும் கடலுக்குச் சென்றனர். கட்டணத்திலும் உயர்ந்த வேலி ஒன்றும் இருந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அரச உதவி பெற்ற பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்பட்டபோது யாழ்ப்பாணத்திற் பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. வாங்கில் அருகருகே இருப்பதே இத்தகைய வெறியை எழுப்பிய காலத்தில், தோளோடு தோள் மோதி வியர்வை கலக்க ஆடும் விளையாட்டு என்ன பொருளைத் தாங்கியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். சாதி வேறுபாடு தேவாலயத்தின் உள்ளேயும் இருக்கை வரிசையாய்ப் புகுந்திருந்தது என்பதை மறைத்தலாகாது. கோயிலுக்குள் வேதம் செய்து முடிக்காததைக் கோயிலின் வெளிமுற்றத்திற் பந்து முழுவதும் செய்துவிட்டதென்று கூறுதலும் உண்மையாகாது. அங்கே அதற்கு ஒரு வழி திறந்தது என்று கூறுதல் தகும்.

கரை துடுப்பாட்டத்தை விட்டு உதைபந்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. மட்டை, காலுறை, கையுறை, பாய்விரிப்பு என ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். ஆடி முடிக்க ஒரு முழு நாளும் வேண்டும். உதைபந்துக்கு ஒரே ஒரு பந்து போதும். அந்தப் பந்து ஒன்றால் இருபத்திரண்டு பேர் மகிழ்வர். வேலிக்கு அப்பால் நின்று ஊரே மகிழும். ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பொழுது சாய்ந்ததும் தொழிலுக்குச் செல்வோன் சென்றுவிடலாம். தோணி வலித்து இறுகிய தோளும், மணலிலும் சேற்றிலும் நடந்து உரமேறிய காலும் அவனுக்குத் தொழில் தந்த சீதனம். சப்பாத்து இல்லாமை ஒரு குறையாகவும் தோன்றவில்லை. 1911இற் கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தார் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படைவீரரின் அணியை வென்று கேடயம் பெற்ற செய்தி இந்தியா முழுவதையும் கிளர்ச்சி கொள்ளச் செய்தது.

கரையோரப் பங்கின் கழகம் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிய அப்பங்கின் அமைப்பை அறிதல் போதும். கோயில் முற்றமோ அதனை அடுத்த வெறுங்காணியோ மைதானம். பங்குக் குருவானவரே பெரும்பாலும் போசகர். ஊரிலே சொல்லுக்கு மதிப்புள்ள மூத்தோர் சிலர் தலைவரும் பொருளாளரும் ஆவர். கோயிலைத் தாங்கிய கைகளே கழகத்தையும் தாங்கின. பந்துக்கும் சட்டைக்கும் வேண்டிய காசு கடலிலிருந்தே வந்தது. பெருநாளை ஒட்டிப் போட்டி வைப்பதும், அயற்பங்குகளை அழைப்பதும், வென்றவர் கேடயத்தோடு தம் ஊர்க் கோயிலுக்கு ஊர்வலமாய்ச் செல்வதும் இயல்பாயின. ஆட்டக்காரன் எந்த வகுப்புவரை படித்தான் என்று எவரும் கேட்பதில்லை. இவ்வகையில் அது கல்லூரி அணியினின்றும் முற்றும் வேறுபட்டது. கல்லூரி மாணவன் பத்தொன்பது வயதிற் கல்லூரியை விட்டதும் அதன் அணியையும் விடுகிறான். பங்கின் இளைஞன் கால் ஓயும்வரை ஆடுகிறான். ஓய்ந்தபின் தன் மகன் ஆடுவதைக் கோட்டின் ஓரத்தில் நின்று பார்த்து உரத்த குரலில் திருத்துகிறான்.

இதனைப் போன்றதொரு தொடக்கம் கடல் கடந்த நாட்டிலும் நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கிழக்குப் பகுதியில், பஞ்சத்தால் நாடுவிட்டு வந்த ஐரிஷ் கத்தோலிக்கர் வறுமையில் நெருக்குண்டு வாழ்ந்தனர். அங்கே வோல்பிரிட் என்னும் மரிஸ்த சகோதரர், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் நோக்குடன், 1887 நவம்பரிற் புனித மரியாள் பங்கின் மண்டபத்திற் கூடிய கூட்டத்தில் உதைபந்தாட்டக் கழகமொன்றை அமைத்தார். செல்டிக் என்று இன்று உலகம் அறிந்த கழகம் அது. மரியாளின் பங்கு, மீனும் கூலியுமாய் வாழ்ந்த ஏழை மக்கள், ஐரிஷ் குருமார் என்ற ஒற்றுமையைக் காண்போருக்கு நாவாந்துறையும் நினைவுக்கு வரும். சம்பத்திரிசியார் கல்லூரியின் பெயரிலேயே அயர்லாந்தின் புனிதர் இருக்கிறார். ஆனால் இரண்டும் சென்ற வழிகள் வேறு. 1892இல் வோல்பிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இற் கழகம் பங்குமுதற் கம்பனியாயிற்று. பிள்ளைகளின் உணவுக்கென்று தொடங்கிய கருமம் பின்தள்ளப்பட்டது. யாழ்ப்பாணக் கரைக் கழகங்கள் எவருக்கும் இலாபம் ஈட்டித் தரவில்லை. அதனாலேயே அவற்றை வாங்குவாரும் இல்லை. அவை ஊரை விட்டுப் போகவும் இல்லை.

கல்லூரியின் வேலி பின்னர் தாழ்ந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் கட்டணம் என்ற தடை தளர்ந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பரியோவானும் சம்பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் கட்டணமில்லாத் தனியார் கல்லூரிகளாக நின்றன. மத்திய கல்லூரி அரசாங்கத்திடம் சென்றது. ஊர்தோறும் இருந்த பங்குப் பாடசாலைகளும் அவ்வாறே சென்றன. திருச்சபைக்கு இது பெரும் இழப்பாகத் தோன்றியது. அதன் கசப்பு நெடுநாள் நீடித்தது. ஆயினும் இதன் விளைவு ஒன்று அக்காலத்தில் அதிகம் கவனிக்கப்படவில்லை. பிள்ளைகளைக் கூட்டுதற்குப் பாடசாலை கையில் இல்லாதபோது, குருவானவருக்கு எஞ்சியவை கோயிலும் மைதானமும் மேடையுமே. மரிய சேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கியது 1965இல். குருநகரும் பாசையூரும் நாட்டுக்கூத்துக்குப் பேர்போன இடங்கள். பகலிற் பந்தடித்த இளைஞனே இரவிற் கூத்திலே அரசனாய் ஆடுவான். இவ்விரண்டில் எது அவனைக் கோயிலோடு இறுகப் பிணைத்தது என்று அவனிடம் கேட்டாற் கூத்துக்காரர் விரும்பும் விடையோ, ஆட்டக்காரர் விரும்பும் விடையோ கிடைக்கலாம்; குருவானவர் விரும்பும் விடை கிடைக்குமென்பது நிச்சயமில்லை.

குருமார் நினைத்ததெல்லாம் நிறைவேறிற்று என்று எழுதினால் அது துதியாகுமேயன்றி வரலாறாகாது. பந்தாடிய இளைஞன் தவறணைப் பக்கம் போகவே இல்லை என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார். புனிதரின் பெயர் ஊரை ஒன்றாக்கிய அளவுக்கு அயலூரோடு பகையையும் வளர்த்தது. ஒரே வேதத்தைச் சேர்ந்த இரு கரைகள் இறுதிப் போட்டியிற் சந்திக்கும் நாளில், நடுவரின் விசில் ஒன்று கைகலப்பில் முடிவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. காலையிற் சமாதானம் கூறிப் பூசையில் வணங்கியவர்களே மாலையிற் கல்லெடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. இன்னொரு குறை இதனினும் பெரிது. இம்மைதானங்கள் நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே உரியவையாய் இருந்தன. மீன் விற்கவும் வலை பொத்தவும் கருவாடு போடவும் ஆணுக்கு நிகராக உழைத்த கரையோரப் பெண், மாலை ஆட்டத்தைப் பார்க்க நின்றால் அதுவே அதிகம். ஓய்வு மாலை அவளுக்கு எப்போதும் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு எரிந்தது.

ஆனால் இக்குறைகளுக்குள்ளேயே ஒரு செய்தி தெரிகிறது. ஊருக்காக ஒருவன் சண்டையிடுவது அது தன்னுடையது என்று அவன் எண்ணும்போதுதான். பந்து குருமாரின் கையிலிருந்து ஊரின் கைக்கு மாறிவிட்டது. வேதம் கற்பிக்கும் கருவியாக வந்த பொருள், கரையோர மக்கள் தம்மை நகரத்தின் முன்னே நிமிர்ந்து நின்று காட்டும் இடமாயிற்று. பெரிய வீதியின் கல்லூரிகளுக்குத் துடுப்பாட்டப் போர் எவ்வாறோ, அவ்வாறே கரைகளுக்கு உதைபந்து. கந்தோரிலும் நீதிமன்றத்திலும் சபையிலும் பின்வரிசையில் நின்ற ஊர், மைதானத்தில் முன்வரிசையில் நின்றது.

போர்க்காலம் கடலையும் களத்தையும் ஒருங்கே மூடிற்று. 1986 யூன் 10ஆந் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகரைச் சேர்ந்த கடற்றொழிலாளர் 31 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் எத்தனை பேர் ஞாயிறு மாலைகளில் இம்மணலிற் பந்து உதைத்தவர்கள் என்பதை எந்த அறிக்கையும் குறிக்கவில்லை, ஊர் அறியும். 1993 நவம்பர் 13ஆந் திகதி குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகிற்று, பலர் மாண்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே வெறுமையாகி மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். திரும்பி வந்தபின்னும் பல்லாண்டுகள் கடலுக்குச் செல்ல நேரமும் எல்லையும் வகுக்கப்பட்டிருந்தன. கோட்டைக்கு அருகில் முற்றவெளியை அடுத்திருந்த துரையப்பா விளையாட்டரங்கம் சிதைந்து கிடந்தது. 1999இல் அதனைச் சீர்செய்யத் தோண்டியபோது மண்ணிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

அந்த அரங்கம் இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் புதுக்கப்பட்டு 2016 யூன் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் பெரிய ஆட்டங்கள் அங்கே நடைபெறத் தொடங்கின. நாவாந்துறையிலிருந்தும் பாசையூரிலிருந்தும் குருநகரிலிருந்தும் அங்கே செல்வோர் பலர் இன்றும் நடந்தே செல்கின்றனர்; சைக்கிளின் முன்பாரில் ஒரு சிறுவனும் பின்னால் ஒரு சிறுவனுமாக ஏற்றிச் செல்வோரும் உளர். ஆட்டமில்லாத நாட்களிற் கரை மைதானங்களில் வெறுங்காலோடு ஓடும் சிறுவர்களைக் காணலாம். பொழுது சாய்ந்து கோயில் மணி அடிக்கும்போது, பந்தை எவன் வீட்டுக்குக் கொண்டு போவது என்ற வழக்கு இன்னும் அங்கே தீரவில்லை.